ரைம்ஸ் எத்தனை முடிந்தது என்று கேட்காதீர்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஆடி பிறப்பதற்குள் எங்கள் எல்.கே.ஜி. வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். "மிஸ், இதுவரைக்கும் எத்தனை ரைம்ஸ் முடிச்சிருக்கீங்க?" பக்கத்துத் தெருப் பள்ளியில் டஜன் கணக்கில் முடித்துவிட்டார்களாம், நாங்கள்தான் இன்னும் மூன்று நாலிலேயே நிற்கிறோமாம். ரைம்ஸ் என்ன பத்தாம் வகுப்புக் கணக்கா, போர்ஷன் முடிக்க?

கேட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமல் நிற்கிற அம்மாவிடம் இதையெல்லாம் விளக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மூன்றரை, நாலு வயதுப் பிள்ளைக்குப் பாட்டு காது வழியாகத்தான் போக வேண்டும். அதுவும் எதிரே நிற்கிற ஓர் ஆளின் வாயிலிருந்து. கேட்டுக் கேட்டு அலுத்துப் போகும் வரை கேட்க வேண்டும். அலுப்பது நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. அதற்கப்புறம் பிள்ளை தானாக வாயைத் திறக்கும். அதற்கு முன்னால் "சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நாம் இப்போது என்ன செய்கிறோம்? கேட்க வைக்கிற வேலையை டிவியிடமும் செல்போனிடமும் விட்டுவிட்டோம். ஒப்பிக்க வைக்கிற வேலையை மட்டும் நம் கையில் வைத்துக்கொண்டோம்.

ஒரு பாட்டை வைத்தே சொல்கிறேன். மதுரை ஒத்தக்கடைப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள், யானை படுத்திருப்பது போலவே இருக்கிற யானைமலையைத் தினமும் வேனில் பார்த்துக்கொண்டேதான் வருகிறார்கள். "மிஸ், அந்த யானை எப்ப எந்திரிக்கும்?" என்று ஒரு வாண்டு கேட்கப்போய், நானே கட்டிய நாலு வரி இது. இதெல்லாம் ஒரு கவிதையா என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

யானை யானை கல் யானை
எழுந்து கொஞ்சம் வருவாயா?
பானை நிறையச் சோறிருக்கு
பக்கம் வந்து தின்பாயா?

முதல் சில நாட்கள் நான் மட்டும்தான் சொல்வேன். கை கட்டி உட்கார வைத்து அல்ல. கை கழுவ வரிசையில் நிற்கும்போது, டிபன் பாக்ஸ் திறக்கும்போது, மழை வந்து வெளியே விட முடியாமல் அடைந்து கிடக்கும்போது. ஒரு கையைத் தும்பிக்கையாகத் தொங்கவிட்டு ஆடிக்கொண்டே சொல்வேன். யாரையும் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. சில பிள்ளைகள் என் வாயையே பார்க்கும். சில பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும். ஜன்னலைப் பார்க்கிறவன் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள், அவன் காது இங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் "எழுந்து கொஞ்சம்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். இரண்டு நொடி வகுப்பே கப்சிப். பிறகு எங்கிருந்தோ "வருவாயா!" என்று ஒரு கத்தல். அடுத்த தடவை அரை வகுப்பு கத்தும். அன்றிலிருந்து வரிக்கு வரி கடைசிச் சொல்லை அவர்களிடம் விட்டுவிடுவேன். பிறகு பாதி வரி எனக்கு, பாதி வரி அவர்களுக்கு. பிறகு ஒரு பக்கத்து பெஞ்ச் கேள்வி கேட்க, மறு பக்கம் யானையாகத் தலையாட்டும். கடைசியில்தான் யாராவது தனியாகச் சொல்லப் பிரியப்பட்டால் முன்னால் வந்து சொல்லலாம். பிரியப்பட்டால் மட்டும்.

இப்படிப் போனால் ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகத்தான் செய்யும். போர்ஷன் பின்தங்கிய ரகசியம் இதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சமாச்சாரம் ஒன்று. மூன்றாவது வரி மறந்தால் பிள்ளைகள் முழிப்பதே இல்லை. "யானை" என்று ஆரம்பித்த நாக்கு தானாகவே "பானை"யைத் தேடிப் போகிறது. எதுகை என்றால் என்ன என்று அவர்களுக்கு எட்டாம் வகுப்பில் யாராவது கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். காது அதை இப்போதே கண்டுபிடித்துவிட்டது. போன வருஷம் ஒரு பையன் "பானை நிறைய பிரியாணி" என்று மாற்றிச் சொன்னான். வகுப்பே உருண்டு சிரித்தது. மதுரைக்காரன், வேறு என்ன சொல்வான்! ஆனால் கவனியுங்கள், "சோறிருக்கு" இருந்த இடத்தில் "பிரியாணி" அளவெடுத்து உட்காருகிறது, தாளம் இடறவே இல்லை. பொருளும் கெடவில்லை. மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கிற படித்த அப்பாக்களிடம் இந்தப் பிரியாணியைத்தான் நான் எடுத்து வைக்கிறேன். "புரியாம ஒப்பிக்கிறது தப்பில்லையா மிஸ்?" தப்புதான், பதினைந்து வயதில் கைடு பார்த்து ஒப்பித்தால். நாலு வயதில் மனப்பாடமாகிற பாட்டு பிள்ளையின் கையில் கிடைத்த விளையாட்டுச் சாமான். மனதில் முழுசாக இருந்தால்தானே ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட முடியும்?

அடுத்த கேள்வியும் தெரியும். "பாட்டுப் பாடிக்கிட்டே இருந்தா படிப்பு எப்ப?" 1989இல் இங்கிலாந்தில் பீட்டர் பிரையன்ட், லினெட் பிராட்லி குழுவினர் 64 பிள்ளைகளை மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். மூன்று வயதில் நர்சரிப் பாட்டுகள் நன்றாகத் தெரிந்திருந்த பிள்ளைகள் பிற்பாடு வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முந்தியிருந்தார்கள். குடும்பச் சூழல், புத்திக்கூர்மை இரண்டையும் கழித்துப் பார்த்தும் அந்தத் தொடர்பு நின்றது. எதனால்? சொற்களை ஒலியாக உடைத்துப் பார்க்கிற பழக்கம் காதுக்குப் பாட்டில்தான் முதலில் வருகிறது. எழுத்து வருவது அதற்கு மேல்தான்.

ஆய்வுக்குப் போகாமலே எங்கள் வகுப்பில் இதைப் பார்க்கலாம். "கல் யானை" என்பதைச் சில பிள்ளைகள் முதலில் "கால் யானை" என்பார்கள். யானைக்குக் கால் இருக்கிறது, அவர்கள் நியாயம் அவர்களுக்கு. நான் திருத்த மாட்டேன். "கல்" என்றால் சட்டென்று ஒரு தட்டு, "கால்" என்றால் கையைத் தட்டி அப்படியே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைப்பேன். சிரித்துச் சிரித்துத் தட்டுவார்கள். குறில் நெடில் என்ற சொல்லே அங்கே வராது. யு.கே.ஜி.யில் துணைக்கால் போட மறந்து "பால்" என்பதற்குப் "பல்" என்று எழுதுகிற பிள்ளைக்கு நோட்டில் பத்துத் தடவை எழுத வைப்பதைவிட இந்தத் தட்டு நன்றாக வேலை செய்கிறது. ழகரமும் அப்படித்தான். நம்மூரில் "எளுந்து"தான் முதலில் வரும். பாட்டுக்கு நடுவில் நிறுத்தி "எழுந்து சொல்லு, நாக்கை மடி" என்றால் பாட்டு அங்கேயே படுத்துவிடும். அடுத்த சுற்றில் நான் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். ஒரு பருவம் போனால் பாதிப் பேருக்கு வந்துவிடும். மீதிப் பேருக்கு வராது. பல பெரியவர்களுக்கே வராததை நாலு வயதில் கேட்டு என்ன செய்ய?

இப்போது டிவி விஷயம். "நாங்களும் கேட்க வைக்கிறோமே மிஸ், யூடியூப்ல ரைம்ஸ் ஓடிக்கிட்டேதானே இருக்கு" என்பார்கள். 2003இல் அமெரிக்காவில் பட்ரீசியா குல் என்ற ஆய்வாளரின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தது. ஒரு கூட்டத்துக்கு ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே பேச்சை டிவியில் போட்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. டிவி பார்த்த குழந்தைகளிடம் ஒன்றும் தேறவில்லை. கைக்குழந்தையும் எல்.கே.ஜி. பிள்ளையும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். நாலு வயதில் டிவியைப் பார்த்துச் சில வரிகள் ஒட்டத்தான் செய்யும். ஆனால் டிவி நின்று காத்திருக்காது. "எழுந்து கொஞ்சம்..." என்று நிறுத்திப் பிள்ளையின் வாயைப் பார்க்காது. பிரியாணி என்றால் சிரிக்காது. போதாக்குறைக்கு அந்த வீடியோப் பாட்டுகளின் வேகம்! பின்னால் கீபோர்டும் டிரம்முமாக அடிக்கிற அடியில் மெய்யெழுத்து ஒன்றுகூடக் காதில் விழாது. ஒரு வரி பிள்ளையின் ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும், அடுத்த வரிக்கு மூச்சிழுக்க இடம் வேண்டும். அந்த வீடியோ செய்தவர்கள் பிள்ளைகள் மூச்சு விடுவார்கள் என்பதையே மறந்துவிட்டார்கள் போல. இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளைக்குத் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. சோறு ஊட்டி முடிப்பதற்குள் நம் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

ஸ்மார்ட் போர்டு வைத்திருக்கிறோம் என்று பெருமையாக நோட்டீஸ் அடிக்கிற பள்ளிகளுக்கும் இதேதான். ரைம்ஸ் பீரியடில் போர்டைப் போட்டுவிட்டு மிஸ் நோட்டுத் திருத்துவது எனக்குத் தெரியாததல்ல. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பதும் தெரியும். திட்ட வேண்டியது அவரை அல்ல.

ஆக்‌ஷன் சாங் என்பது ஏதோ கான்வென்ட்டோடு வந்து இறங்கியது என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை பிள்ளைத்தமிழைப் புரட்ட வேண்டும். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நம் மீனாட்சியைக் குழந்தையாக வைத்துப் பாடியது இதே மதுரையில்தான். அரங்கேற்றத்தில் மீனாட்சியே சிறுமியாக வந்து உட்கார்ந்து கேட்டு, முத்துமாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அதில் செங்கீரை என்று ஒரு பருவம், கையூன்றி ஒரு காலை மடக்கித் தலை நிமிர்த்தி ஆடுகிற குழந்தைக்கு. சப்பாணி என்று ஒன்று, கை கொட்டுகிற குழந்தைக்கு. அம்புலி என்று ஒன்று, நிலாவை விளையாடக் கூப்பிடுவதற்கு. குழந்தை எப்போது எப்படி அசையும், எந்த அசைவுக்கு எந்தப் பாட்டு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற ஊர் இது. சித்திரை வீதியைச் சுற்றிக் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது!

நம் அங்கன்வாடிகளை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். அங்கே கையேட்டின் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா". மேலூர்ப் பக்கம் ஒரு மையத்தில் ஆயாம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பாட்டுச் சொல்ல, பிள்ளைகள் முறத்தின் தாளத்துக்கு வாங்கிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டிச் சேர்க்கிற பள்ளிகளில் அது கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஆங்கில ரைம்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். மழையை விரட்டுகிற பாட்டை வைகைக் கரையில் பாடலாமா என்ற பழைய கேலி எனக்கும் தெரியும், என் வழக்கு அதுவல்ல. தாராளமாகப் பாடட்டும், ஆனால் அதுவும் காது வழியாக, நிதானமாக. முனிச்சாலை, காமராஜர் சாலைப் பக்கமிருந்து வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டுகூட வகுப்பில் கேட்டுக் கேட்டுத்தான் வாயில் ஏறுகிறது. "வருவாயா, தின்பாயா" என்று கேட்டுப் பழகியவள் ஒரு நாள் என் சேலையைப் பிடித்து இழுத்து "மிஸ், நீ எங்க வீட்டுக்கு வருவாயா?" என்றாள். பாட்டுத் தமிழிலேயே கூப்பிட்டாள்! ஆங்கிலமும் அப்படி வந்தால் வரட்டும். புத்தகத்தைப் பிரித்து வரிக்குக் கீழே விரல் வைத்து நாலு வயதில் படிக்கச் சொன்னால் வராது.

இரண்டு விஷயங்கள் என்னால் பொறுக்கவே முடிவதில்லை. ஒன்று, விருந்தாளி முன்னால் நிறுத்துவது. "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு, ஐஸ்க்ரீம் வாங்கித் தர்றேன்." பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். "ஸ்கூல்ல ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல போல" என்று மாமா தீர்ப்பு எழுதிவிட்டு காபி குடிப்பார். வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை வீட்டில் குளிக்கும்போது எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்கிறது என்று அப்பத்தாக்கள் வந்து சொல்வது எங்களுக்குச் சகஜம். அது உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது, விடுங்கள்.

இன்னொன்று, ஆண்டு விழா. மேடையில் பிள்ளைகள் மினுமினு சட்டையில் ஆட, பாட்டு ஸ்பீக்கரில் ஓடும். சொந்தக் குரலில் பாடுகிற வயதில் வாயசைக்கப் பழக்குகிறோம். இருபது பிள்ளைகள் மைக் இல்லாமல், கொஞ்சம் முன்னே பின்னே கோரஸாகச் சொன்னால் பின் வரிசைக்குக் கேட்காது என்கிறார்கள். கேட்காவிட்டால் என்ன? பின் வரிசையில் இருக்கிறவர்கள் எப்படியும் செல்போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எனக்குப் பாட வராதே" என்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ராகம் வேண்டாம், சொன்னால் போதும். எங்கள் பள்ளிக்கு மகளை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து விடுகிற ஒரு அப்பா, ஹேண்டில்பாருக்கும் தனக்கும் நடுவே அவளை நிறுத்தி, ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் வரியை நிறுத்துவார். ஆட்டோ ஏறி இறங்கியதும் அவள் அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பயணிகளும் சேர்ந்து கத்துகிறார்களாம். பி.எட். படித்த எனக்கு இது தோன்றவில்லை.

கடைசியாக ஓர் உதவி. உசிலம்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம், மேலூர்ப் பக்கத்து வீடுகளில் அப்பத்தாவும் அம்மாச்சியும் பிள்ளையை மடியில் போட்டுச் சொல்கிற பாட்டுகள் இருந்தால் கீழே எழுதுங்கள். வரிகளை மட்டும் போட்டால் போதாது. எந்தச் சொல்லில் கை தட்டணும், எந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கணும், எங்கே கிச்சுக்கிச்சு மூட்டணும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் கேட்டுப் பழகிக்கொண்டு வகுப்பில் சொல்கிறேன்.