கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கணக்கு

சிக்கிமுக்கு மக்களவையில் ஒரே ஒரு எம்.பி.தான், பாவம் என்கிறது சிக்கிமைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அந்த ஒருவருக்குப் பின்னால் இருப்பது 2011 கணக்குப்படி 6.1 லட்சம் பேர். எங்கள் கோபியும் அடங்கிய திருப்பூர் தொகுதி எம்.பி.க்கு 2019லேயே 15 லட்சம் வாக்காளர்களுக்கு மேல். பர்கூர் மலையிலிருந்து பனியன் கம்பெனி வரைக்கும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும்! கோபிக்கென்று தனியாக இருந்த மக்களவைத் தொகுதியும் 2008 மறுசீரமைப்பில் போய்விட்டது, அந்த வயிற்றெரிச்சல் வேறு.

மாநிலங்களவையிலும் அவர்களுக்கு ஒன்று, நமக்குப் பதினெட்டு. தலைக்கு வகுத்துப் பார்த்தால் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

சட்டமன்றத்தைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே 32 தொகுதிகள். சராசரியாக 19 ஆயிரம் பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. இங்கே அது ஒரு பெரிய ஊராட்சியின் மக்கள்தொகை. அந்த 32ல் 12 இடங்கள் பூட்டியா, லெப்சா என்ற பழங்குடி மக்களுக்கு ஒதுக்கீடு. சங்கா என்ற தொகுதிக்கு எல்லையே கிடையாது. மாநிலம் முழுவதும் உள்ள புத்த மடங்களின் துறவிகள்தான் வாக்காளர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் 1975ல் இந்தியாவோடு சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி அது.

எண்ணிக்கை குறைவு என்பதல்ல அவர்கள் சிக்கல். அந்த ஒரு எம்.பி. அவைக்கு வராத நாளில், மக்களவையில் சிக்கிமுக்காகப் பேச ஆளே இல்லை.