ஒண்ணேகால் மணி நேரமாம்!

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் 1 மணி 15 நிமிடம். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை நம்பிப் போனதால் என் அத்தையின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது. செல்லூர் அத்தை போய்விட்டாள். அப்பா இல்லாத வீடு, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுபோக வேண்டும். மறுநாள் வியாழன், ஒன்றரைக்கு ராகு காலம். அதற்கு முன் எடுத்துவிடுவார்கள். அப்போதே கிளாம்பாக்கம் போய்க் கிடைத்த பஸ்ஸில் ஏறியிருந்தால் காலை பத்துக்குள் மாட்டுத்தாவணியில் இறங்கியிருப்பேன். ஆனால் போனில் தேடினால் "420 கிலோமீட்டர், விமானத்தில் 35 நிமிடம்" என்று வருகிறது.

அந்த 35 நிமிடம் என்ன கணக்கு தெரியுமா? இரண்டு ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு இழுத்து, அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்தது. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அதில் கிடையாது. மதுரைக்கு ஓடும் ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே பெரிது. கம்பெனிக்காரர்கள் போடும் ஒண்ணேகால் மணியும் விமானம் இங்கே நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும்தான். பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் போகிற நேரத்தை, கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே மூடுவதை, சோதனை வரிசையை எவன் கணக்கில் சேர்க்கிறான்?

அம்மா பீரோவில் பிரிக்காமல் வைத்திருந்த சுங்குடிச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 9.40 விமானம். பலகையில் 10.30 ஆனது. அப்புறம் 11.15. அப்புறம் 12.05. ஒரே விமானம்தான் நாள் முழுக்க ஊர் ஊராக ஓடுகிறது, முந்தின ஊரில் பிந்தினால் எல்லாமே பிந்தும். புரிகிறது. ஆனால் அது அங்கிருந்தே இன்னும் கிளம்பவில்லை என்பது இவர்களுக்குத் தெரியும் அல்லவா? தெரிந்தே முக்கால் மணி முக்கால் மணியாகத் தவணை சொன்னார்கள். அதை நம்பி நானும் "இதோ ஏறிடுவேன் மாமா, கொஞ்சம் பொறுங்க" என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தேன். துக்க வீட்டில் அத்தனை பேரையும் காக்க வைத்தேன். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், அங்கே பங்காளி யாரையாவது கோடி எடுத்துவரச் சொல்லியிருப்பேனே!

இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு தர வேண்டும் என்பது விதி. ஒரு டப்பாவில் சாண்ட்விச் கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க ஆறு மணி நேரம் தாமதமாக வேண்டுமாம். எனக்கு அந்தப் பணமா வேண்டும்?

மதுரையில் இறங்கும்போது ஒன்றரை. பெருங்குடியிலிருந்து வைகையைத் தாண்டிச் செல்லூர் போய்ச் சேர இரண்டே கால். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவன். கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், பஸ்ஸில் போயிருந்தால் ஆகிற அதே நேரம்! வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். "உன்னைத்தாண்டா கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் மாமா. கடைசி நிமிடத்தில் யாரோ கடைக்கு ஓடி ஒரு சேலை வாங்கிவந்து, பிறந்த வீட்டுப் பேரைச் சொல்லிப் போட்டார்களாம்.

சுங்குடிச் சேலையை அம்மாவிடமே கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதைத் திரும்பப் பீரோவில் வைக்க மாட்டேன் என்கிறாள்.