லைலா எங்கே போனாள்?

வட ஆப்பிரிக்கப் படங்களில், ஒரு பையன் வயதுக்கு வரும் கதை என்றாலே பலரும் முதலில் சொல்வது 1990இல் ஃபெரித் பூகெதிர் எடுத்த துனீசியப் படம் 'ஹல்ஃபாவீன்'. துனிஸ் நகரத்தின் ஒரு பழைய பேட்டை. பன்னிரண்டு வயது நூராவை அவன் அம்மா இன்னமும் பெண்கள் குளிக்கும் ஹம்மாமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். உள்ளே என்ன பார்த்தாய் என்று தெருவில் பெரிய பையன்கள் அவனைத் துளைத்து எடுக்கிறார்கள். ஒரு நாள் அவன் பார்வை சரியில்லை என்று அங்கிருந்து துரத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆண்கள் உலகம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஆனால் "எத்தனை விதமான பெண்களைக் காட்டியிருக்கிறார்கள்!" என்று பாராட்டும்போது மட்டும் எனக்கு உறுத்துகிறது. காட்டியிருக்கிறார்கள், சரி. யார் கண் வழியாக?

நூராவின் வீட்டுக்கு லைலா என்று ஓர் அனாதைப் பெண் வேலைக்கு வருகிறாள். நூராவுக்கு அவள் மேல் ஈர்ப்பு. விஷயம் தெரிந்ததும் வீட்டை விட்டுப் போவது அவள்தான். பையன் அப்பாவின் அதட்டலுக்குப் பயப்படாமல் கூரைகளின் மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வளர்ந்துவிட்டான். லைலா? அவள் வந்த வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்குப் படத்தொகுப்பு செய்தவர் மூஃபிதா த்லாத்லி. பல வருடங்கள் மற்றவர்களின் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர், 1994இல் தன் முதல் படத்தை இயக்கினார்: 'அரண்மனையின் மௌனங்கள்'. அதன் நாயகி ஆலியா ஒரு வேலைக்காரியின் மகள். லைலாவுக்குப் பதில் சொல்லத்தான் அவர் அந்தப் படத்தை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

1950களில், பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த துனீசியாவின் 'பே' (Bey) மன்னர் வம்சத்து அரண்மனை. மேலே இளவரசர்கள், கீழே சமையலறையில் பெண்கள். பிரெஞ்சுக்காரர்களின் ஊரடங்குச் செய்தி கூட அவர்களுக்கு ரேடியோ வழியாகத்தான் வருகிறது. ஆலியாவின் அம்மா கதீஜா பகலில் பரிமாறுவாள், இரவில் கூப்பிட்டால் மாடிக்குப் போக வேண்டும். ஆலியாவுக்கு அப்பா யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் பிறந்த அதே இரவில் பிறந்த சாராவோ மேல் வீட்டுப் பெண். சாராவின் நிச்சயதார்த்தத்தில் பாட வந்த ஆலியா, தடை செய்யப்பட்ட தேசியப் பாடலைப் பாடிவிடுகிறாள். அதே நேரம் கீழே, கருவைக் கலைக்க முயன்ற கதீஜா செத்துக்கொண்டிருக்கிறாள்.

1956இல் சுதந்திரம் வருகிறது. அதே வருடம் பலதார மணத்தைத் தடை செய்த குடும்பச் சட்டமும் வருகிறது. ஆனால் 'நாளை எல்லாம் மாறும்' என்று ஆலியாவுக்குப் பாடம் எடுத்த தேசியவாதி லுத்ஃபி, பத்து வருடம் ஆகியும் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாரில்லை. கல்யாண வீடுகளில் பாடும் பெண், தகப்பன் பெயர் தெரியாதவள். த்லாத்லி இந்த இடத்தில் கொஞ்சமும் பூசி மெழுகவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது இங்கேதான்.

சிறு ஆலியாவாக நடித்த ஹிந்த் சப்ரிக்கு இதுதான் முதல் படம். அந்த முகத்துக்காகவே பார்க்கலாம்.

சந்தோஷமான படம் எது என்றால் 'ஹல்ஃபாவீன்'தான், சந்தேகமே இல்லை. பையனுக்குக் குறும்பு, பெண்ணுக்குச் சாவும் கண்ணீரும் என்று பிரித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டதே என்ற வருத்தமும் உண்டு. ஏழை வீட்டுப் பெண் கூரை ஏறிச் சிரிக்கும் படமும் வேண்டும் இல்லையா?

அப்புறம் இன்னொன்று. துனீசியா அடிமை முறையை ஒழித்தது 1846இல். இனப்பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது 2018இல்தான். இடைப்பட்ட அத்தனை தலைமுறையிலும் அங்கே கறுப்பினத் துனீசியர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று நடுநாயகமாக நின்று வளரும் துனீசியப் படம் எதையும் நான் பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.