எலும்பு வரை போன தொற்றை மேல்கட்டு எட்டுமா?
மருந்தேற்றிய நானோ இழைக் கட்டு (தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளால் ஆன, புண்மேல் போடும் கட்டு) வந்துவிட்டால் சர்க்கரை நோயாளியின் சீழ்ப்பிடித்த புண்ணுக்கு மாத்திரையோ ஊசியோ தேவைப்படாது என்று இந்தக் கட்டைப் பற்றிய கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மருந்தைப் புண்ணிலேயே நேராக இறக்குவது அருமையான வழிதான். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு விழுங்கிய மருந்து போதுமான அளவில் போய்ச் சேராமல் போகலாம். ஆனால் தொற்று எலும்பைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது? என் அப்பாவின் குதிகாலில் வெளியே தெரிந்தது ஒரு சிறு ஓட்டை மட்டும்தான். மருத்துவர் மழுங்கிய கம்பியை உள்ளே விட்டதும் அது எலும்பில் தட்டியது. அப்பா முகம்கூடச் சுளிக்கவில்லை, அந்த அளவுக்கு உணர்வு மரத்துப்போயிருந்தது. அந்த ஆழத்தை மேலே போடும் எந்தக் கட்டும் எட்டாது. ஊசி மருந்தும், அழுகிய சதையை வெட்டி எடுத்ததும், குதிகாலில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதும்தான் காலைக் காப்பாற்றின. இன்னொன்று, கட்டுரை ஆதாரமாகக் காட்டும் எலிச் சோதனை. எலியின் தோல் தளர்வானது, புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும்; மனிதக் காலில் பெரும்பாலும் புதுச் சதை வளர்ந்துதான் குழி நிரம்ப வேண்டும். அதனால் எலியில் கண்ட பலனை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது. கட்டிலுள்ள மருந்தெல்லாம் முதல் நாளே கரைந்து போய்விடாதா என்று கட்டுரையைப் படித்த இன்னொருவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. இழையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து சீக்கிரமே வெளியேறிவிடும். அதனால்தான் மருந்தை நடுவில் வைத்து, சுற்றிலும் பாலிமர் (பிளாஸ்டிக் போன்ற நீண்ட மூலக்கூறுப் பொருள்) உறையிட்டு இழை நூற்கிறார்கள்.