உப்பு போட்டாலும் சாயம் நிற்காது

"மஞ்சள் தண்ணீரில் உப்பும் வினிகரும் போட்டு வேகவைத்தால் நிறம் போகவே போகாது" என்று துணிக்கு இயற்கைச் சாயம் போடுவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். யாராவது நல்ல துணியை வீணாக்கும் முன் சொல்லிவிடுகிறேன்.

பருத்தியில் இயற்கைச் சாயத்தைப் பிடித்து நிறுத்துவது உப்பு இல்லை, கடுக்காயும் படிகாரமும்தான். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறி, படிகாரத்தில் உள்ள அலுமினியத்துக்குப் பிடி கொடுக்கிறது. சாயம் அந்த அலுமினியத்தோடு சேர்ந்துதான் நிற்கும். மஞ்சிட்டி என்ற சாய வேரில் அழுத்தமான சிவப்பு வருவது இப்படித்தான்.

மஞ்சள் தூளோ, என்ன சேர்த்தாலும் வெயிலில் வெளுக்கும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பதையும், கொடியில் ரெண்டு நாள் காய்ந்தால் மங்குவதையும் பார்க்காத வீடு உண்டா? மஞ்சள் நிறம்தான் வேண்டுமென்றால் மாதுளைத் தோல் எவ்வளவோ மேல்.

அப்புறம், நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் இலையைக் கொதிக்கவைத்தாலே நீலம் வரும் என்று சொல்வதும் சரியில்லை. நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு சேர்த்த தொட்டியில் புளிக்கவைத்துத்தான் கரைக்க வேண்டும். முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இதற்குப் படிகாரமே தேவையில்லை.