புள்ளி புள்ளி கோடு கோடு

கனெக்டிங். அப்புறம் வரிசையாகப் புள்ளிகள். அப்புறம் கொஞ்சம் கோடுகள். மறுபடி புள்ளிகள். இஎஸ்பி32 என்கிற குட்டிக் கணினி போர்டில் புரோகிராம் ஏற்றப் பார்த்த எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள், எனக்கு மட்டும் வந்த கண்டம் இல்லை.

நான் ஒன்றும் ராக்கெட் விடவில்லை. மொட்டை மாடி டேங்க் 95 சதவீதம் நிரம்பினால் இந்தப் போர்டு மோட்டாரை நிறுத்தும். அதை 85 ஆக்க வேண்டும். ஒரே ஒரு எண்! அதற்கு முழு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

முதலில் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி போர்ட்டே தெரியவில்லை. கேபிளுக்குள் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும்தான், டேட்டா கம்பி கிடையாது. ரிச்சி தெருவில் கேட்டுத்தான் வாங்கினேன். "எல்லாம் டேட்டாதான் சார்" என்றார் கடைக்காரர். அவர் குரலில் இருந்த உறுதி அந்தக் கேபிளில் இருந்திருக்கலாம்.

கேபிளை மாற்றினேன். போர்ட் வந்தது, வந்த வேகத்தில் காணாமல் போனது. என் கம்ப்யூட்டரில் ஓடும் உபுண்டு 22.04 இயங்குதளத்தில் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளைக் கவனிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. அருமையான வேலை, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் போர்டை யூஎஸ்பி-யோடு பேசவைக்கும் சிஎச்340 சிப்பின் அடையாள எண்ணும் ஏதோ ஒரு பிரெயில் கருவியின் எண்ணும் ஒன்றாம். அதனால் என் டேங்க் போர்டைப் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. சரி, அதையும் தூக்கினேன்.

இப்போதுதான் அந்தக் கனெக்டிங். புள்ளி, கோடு, புள்ளி, கோடு. கடைசியில் சிவப்பில் ஒரு வரி: போர்டிடமிருந்து வர வேண்டிய பாக்கெட் ஹெடருக்காகக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டதாம். நீ காத்திருந்தாயா? நானல்லவா காத்திருந்தேன்!

யாரைக் கேட்டாலும் ஒரே பதில், "பூட் பட்டனை அழுத்திப் பிடிங்க." அதைப் பிடித்தால்தான் போர்டு புது புரோகிராமை வாங்கிக்கொள்ளுமாம். பிடித்தேன். இடது கையில் பூட், வலது கையில் மவுஸ். புள்ளி வரும்போது விட வேண்டுமா, கோடு வரும்போதா? சீக்கிரம் விட்டால் பிழை. விடாமல் பிடித்தாலும், போர்டை மறுபடி தொடங்கவைக்கும் இஎன் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால்தான் எழுந்திருக்கும். அதற்கு மூன்றாவது கை வேண்டும். மூக்கால் தட்டினேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இது தானாகவே நடக்க வேண்டிய காரியம் என்பதுதான் வயிற்றெரிச்சல். டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கம்பிகளும் இரண்டு டிரான்சிஸ்டரும் அதற்காகவே போர்டில் உட்கார்ந்திருக்கின்றன. இஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் நேரம் சரியாக அமையும். ஒரு டீ விலைகூட ஆகாத அதை என் போர்டைத் தயாரித்தவர்கள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நல்லா இருங்க சாமி. 10 மைக்ரோஃபாரட் ஒன்றை நானே பற்றவைத்தேன்.

ஏறியது! நூறு சதவீதம். உடனே "ஃபிளாஷ் ரீட் எர்ர், 1000" என்று திரை நிறைய ஓட ஆரம்பித்தது. சென்சார் கம்பி 12-ஆம் பின்னில் இருக்கிறது. போர்டு எழும்போது அந்தப் பின்னில் வோல்டேஜ் உயர்ந்திருந்தால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3க்குப் பதில் 1.8 வோல்ட் போய்விடும். அந்த மகா ரகசியம் போர்டில் எங்கே அச்சாகியிருக்கிறது? டி12 என்று, டி13-க்குப் பக்கத்தில், பச்சைப் பிள்ளை மாதிரி.

கேபிளே இல்லாமல் வைஃபை வழியாக, அதாவது ஓடிஏ-வில் ஏற்றியிருக்கலாமே என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு ஃபிளாஷை இரண்டு புரோகிராமுக்குப் பிரிக்க வேண்டும்; வழக்கமான பிரிவினையில் ஒன்றுக்குக் கிடைப்பது 13,10,720 பைட். வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தாலே முட்டிக்கொள்ளும்.

கம்பியை மாற்றி, மறுபடி ஏற்றி, இப்போது ஓடுகிறது. பெட்டிக்குள் மாட்டலாம் என்று கீழே போனால், மோட்டார் ஸ்விட்ச் இருக்கும் சுவரை ஒட்டி முதல் மாடிக்காரர் ஸ்கூட்டர். எத்தனை தடவைதான் சொல்வது? சைடு லாக் வேறு போட்டிருக்கிறார், மனுஷன் ஊருக்குப் போயிருக்கிறார்.