நீல நம்பர் பிளேட் காருக்கு நம் சட்டம் செல்லாதா?

‘நீல நம்பர் பிளேட் காரில் வருபவர்களுக்கு இந்தியச் சட்டமே செல்லாது’ என்று கிருஷ்ணகிரி, ஓசூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

நீல நம்பர் பிளேட் வெளிநாட்டுத் தூதரகங்களின் கார்களுக்கானது. தூதர்களின் உரிமைகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961 வியன்னா ஒப்பந்தப்படி தூதரைக் கைது செய்ய முடியாது, சரி. ஆனால் அவர் நம் சட்டத்தை மதித்தே ஆக வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. மீறினால், காரணம்கூடச் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்ப நம் அரசுக்கு உரிமை உண்டு.

பிளேட்டை உற்றுப் பாருங்கள். எண்களுக்கு நடுவே ‘சிடி’ (CD) இருந்தால் தூதரகம். ‘சிசி’ (CC) இருந்தால் சென்னை, பெங்களூரில் இருப்பதுபோன்ற துணைத் தூதரகம். துணைத் தூதரக அதிகாரிகளுக்கு 1963 வியன்னா ஒப்பந்தம் தரும் சட்ட விலக்கு அலுவல் காரியங்களுக்கு மட்டுமே. கொடுங்குற்றம் என்றால் நீதிமன்ற உத்தரவோடு கைதும் செய்யலாம்.

அப்புறம், ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு இந்தச் சலுகை எதுவுமே கிடையாது.